விரதம் இருந்தால் உடம்பே புற்றுநோய்க் கட்டியைத் தின்றுவிடுமா?

கேள்வி | 2024 பிப்ரவரி 4, மாலை 6.20

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. கீமோ இரண்டு சுற்று முடிந்திருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. "16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் உடம்பு தன் புற்றுநோய் செல்களையே தின்றுவிடும். இதைக் கண்டுபிடித்த ஜப்பான் விஞ்ஞானிக்கு நோபல் பரிசு. இதன் பெயர் ஆட்டோஃபேஜி. நம் முன்னோர் ஏகாதசி விரதம் வைத்தது இதற்காகத்தான்." மாமா இதைக் காட்டி, வாரத்தில் இரண்டு நாள் பட்டினி இருக்கச் சொல்கிறார். அம்மாவும் தலையாட்டிவிட்டாள். இது உண்மையா? இதைப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு 10.15

தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா சாப்பிடட்டும். கீமோ நடக்கும்போது பட்டினி போடுவது என்றால் அதை அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளைகூடச் செய்ய வேண்டாம்.

நான் மருத்துவர் இல்லை. ஐந்து வருடம் மார்பகப் புற்றுநோய் செல்களில் ஆட்டோஃபேஜி பற்றி ஆய்வு செய்தவள். இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மாமாவின் செய்தியில் நோபல் பரிசு உண்மை. ஆட்டோஃபேஜி என்ற ஒன்று இருப்பதும் உண்மை. பசிக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதும் உண்மை. இந்த மூன்றையும் சேர்த்து "கட்டியைத் தின்றுவிடும்" என்று முடித்ததுதான் பொய். அது ஏன் பொய் என்று சொல்ல 60 வருடக் கதை வேண்டும். நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 5, இரவு 9.40

கதை பெல்ஜியத்தில் தொடங்குகிறது. லூவன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் த தூவ் என்பவர் இன்சுலின் கல்லீரலில் என்ன செய்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். எலியின் கல்லீரலை அரைத்து, சுழற்றிப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் என்ன நொதி இருக்கிறது என்று அளப்பார்கள். ஆசிட் ஃபாஸ்ஃபடேஸ் என்ற நொதியின் அளவு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தது. அந்த மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுச் சில நாள் கழித்து மறுபடி அளந்தால் அளவு ஏறியிருந்தது. நொதி புதிதாக உண்டாகவில்லை. அது ஒரு பைக்குள் அடைந்து கிடந்தது. வைத்திருந்த நாட்களில் பை கிழிந்து வெளியே வந்துவிட்டது. அந்தப் பைக்கு 1955இல் லைசோசோம் என்று பெயர் வைத்தார்கள். செல்லின் செரிமானப் பை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு ஒரு வினோதம் தெரிந்தது. அந்தப் பைகளுக்குள் செல்லின் சொந்த உறுப்புகளே, மைட்டோகாண்ட்ரியா உட்பட, பாதி கரைந்த நிலையில் கிடந்தன. 1963இல் லண்டனில் நடந்த ஒரு கருத்தரங்கில் த தூவ் இதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயர் சொன்னார். கிரேக்கத்தில் தன்னைத் தானே உண்ணுதல். தமிழில் தன்னுண்ணல் எனலாம். நான் ஆட்டோஃபேஜி என்றே எழுதுகிறேன், மாமாவுக்கும் அந்தப் பெயர்தான் தெரிந்திருக்கிறது.

பசியின் தொடர்பும் இங்கேதான் வருகிறது. சாப்பிடாதபோது கணையம் குளுக்ககான் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அதை எலியின் கல்லீரலுக்குள் செலுத்தினால் இந்தப் பைகள் பெருகுவதை ஆஷ்ஃபோர்ட், போர்ட்டர் என்ற இருவர் 1962இலேயே காட்டிவிட்டார்கள். 1977இல் இன்னொரு குழு, கல்லீரலுக்கு அமினோ அமிலம் கொடுத்தால் ஆட்டோஃபேஜி அடங்குகிறது என்றது. ஆக, பட்டினியில் ஆட்டோஃபேஜி கூடும் என்பது ஜப்பானில் கண்டுபிடித்தது இல்லை. அதற்கு முன்பே தெரிந்த விஷயம்.

அந்தக் காலத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செல் குப்பை கொட்டும் இடம், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். எந்த மரபணு இதை நடத்துகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

பிப்ரவரி 6, இரவு 11.05

யோஷினோரி ஓசுமி. 1988இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சொந்த ஆய்வகம் தொடங்கும்போது அவருக்கு 43 வயது. அவர் எடுத்துக்கொண்டது ஈஸ்ட். ஈஸ்ட்டுக்குள் வாக்குவோல் என்று ஒரு பெரிய பை உண்டு, நம் லைசோசோம் செய்யும் வேலையை அது செய்கிறது.

அவர் செய்தது இதுதான். வாக்குவோலுக்குள் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையை எடுத்தார். அதைப் பட்டினி போட்டார். உள்ளே வருவது வந்துகொண்டே இருக்கும், ஆனால் செரிக்காது. சில மணி நேரத்தில் வாக்குவோல் முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள். எலக்ட்ரான் நுண்ணோக்கிகூட வேண்டாம், சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே அவை உள்ளே துள்ளுவது தெரியும். மாணவியாக இருந்தபோது அந்தப் படங்களை முதலில் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் எனக்கு அதே சந்தோஷம்.

கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அது தெரியாமல் போகிற ஈஸ்ட்டையும் தேடலாம். மரபணுக்களைக் கெடுத்து, ஆயிரக்கணக்கான ஈஸ்ட் கூட்டங்களில் எதில் உருண்டை வரவில்லை என்று பார்த்தார்கள். மிகி ட்சுகாடா என்ற மாணவி அந்த வேலையைச் செய்தார். 1993இல் 15 மரபணுக்கள். இன்று மனித ஆட்டோஃபேஜி பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தப் பதினைந்திலிருந்து முளைத்தது. 2016 நோபல் இதற்குத்தான், அதுவும் அவர் ஒருவருக்கே. விரதத்துக்கும் கொடுக்கவில்லை, புற்றுநோய் மருந்துக்கும் கொடுக்கவில்லை.

"வரத்து நிற்காமல் செரிமானத்தை மட்டும் நிறுத்தினால் குவியும்" என்ற இந்த விஷயத்தை நினைவில் வையுங்கள். என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லும்போது மறுபடி இதற்கு வருவேன்.

பிப்ரவரி 7, காலை 7.30

ஈஸ்ட்டுக்கும் ஏகாதசி உண்டா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். சிரித்துவிட்டேன். உண்டு, ஆனால் அது விரும்பி இருப்பதில்லை. நைட்ரஜன் இல்லாத கரைசலில் போட்டால் தன் பழைய புரதங்களை உடைத்து, தேவையான புதியதைச் செய்துகொள்ளும். ஆட்டோஃபேஜியின் அடிப்படை வேலை இதுதான். பஞ்ச காலத்தில் வீட்டுப் பொருளை விற்றுச் சாப்பிட்டு உயிர் பிழைப்பது போல.

இந்த உவமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பஞ்சத்தில் நல்லவனும் பிழைப்பான், திருடனும் பிழைப்பான்.

பிப்ரவரி 10, இரவு 10.30

புற்றுநோய் இந்தக் கதைக்குள் நுழைவது பெத் லெவின் மூலமாக. தொற்றுநோய் மருத்துவர். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தார், பிறகு டல்லாஸ் போனார். அவர் புற்றுநோயைத் தேடிப் போகவில்லை. சிண்ட்பிஸ் என்ற வைரஸ் எலியின் மூளை செல்களைக் கொல்லாமல் காக்கும் பிசிஎல்-2 என்ற புரதம் யாரோடு கைகோர்க்கிறது என்று பார்த்தபோது ஒரு புதிய புரதம் கிடைத்தது. பெக்ளின் 1 என்று பெயர் வைத்தார்கள். அது ஓசுமியின் ஈஸ்ட் மரபணு ஒன்றின் உறவு. அந்த மரபணு இல்லாத ஈஸ்ட்டுக்கு மனித பெக்ளினைக் கொடுத்தால் ஆட்டோஃபேஜி திரும்ப வந்தது.

அந்த மரபணு இருக்கும் இடம் 17ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி. மார்பகம், சூலகம், புராஸ்டேட் புற்றுநோய்களில் அடிக்கடி தொலைந்துபோகும் பகுதி என்று ஏற்கெனவே பெயர் எடுத்த இடம். எம்சிஎஃப்7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களில் பெக்ளின் 1 மிகக் குறைவு. அதைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆட்டோஃபேஜி கூடியது. செல்கள் மெதுவாகப் பெருகின, எலிகளில் கட்டி உண்டாக்குவதும் குறைந்தது. 1999 டிசம்பர், நேச்சர் இதழ்.

2003இல் இரண்டு குழுக்கள், ஒன்று லெவினுடையது, தனித்தனியாக ஒரே முடிவைச் சொன்னன. பெக்ளின் 1இன் இரண்டு பிரதிகளும் இல்லாத எலி கருவிலேயே இறந்துவிடும். ஒரு பிரதி மட்டும் இருக்கும் எலி பிறக்கும், வளரும், ஆனால் வயதானால் நுரையீரல், கல்லீரல், நிணநீர் மண்டலத்தில் கட்டிகள். பாதி அளவு குறைந்தாலே போதும்!

இந்த இரண்டு கட்டுரைகளையும் படித்துத்தான் நான் இந்தத் துறைக்கு வந்தேன். ஆட்டோஃபேஜி புற்றுநோயைத் தடுக்கும், ஆகவே அதைத் தூண்டினால் போதும் என்று அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. மாமா இன்று நினைப்பதும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

(எம்சிஎஃப்7 பற்றி ஒன்று. அந்த செல்கள் 1970இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு கன்னியாஸ்திரியின் மார்புக்கூட்டில் சேர்ந்த நீரிலிருந்து வந்தவை. இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்கின்றன. ஐந்து வருடம் நான் தினமும் உணவு மாற்றிக் கொடுத்தது அவருடைய செல்களுக்கு. அந்தக் குடுவையை எடுக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.)

பிப்ரவரி 11, மதியம் 1.10

நேற்று "லெவின் மூலமாகத்தான் புற்றுநோய் நுழைந்தது" என்று எழுதியது முழுக்கச் சரியில்லை. நார்வேயில் பேர் செக்லென் இருந்தார். ஆஸ்லோவில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வகத்தில் எலிக் கல்லீரல் செல்களை வைத்து வேலை செய்தவர். 1982இல் அவரும் கார்டன் என்ற இன்னொரு ஆய்வாளரும் ஆட்டோஃபேஜியைத் தடுக்கும் முதல் ரசாயனத்தை, 3-மெத்தில்அடினின், காட்டினார்கள். நாங்களும் அதைப் பயன்படுத்தியிருக்கிறோம். 1985இல் அவர் குழு, புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம் கொடுத்த எலிகளின் கல்லீரல் செல்களில் ஆட்டோஃபேஜி குறைந்திருப்பதைச் சொன்னது. தன் புரதத்தை உடைக்காமல் சேமித்துக்கொள்ளும் செல் சீக்கிரம் வளரும் என்பது அவர்கள் எண்ணம்.

மரபணு எதுவும் தெரியாத காலத்திலேயே அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள். லெவின் காட்டியது மரபணுவின் சான்று. இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 17, இரவு 9.15

இப்போது கதை திரும்புகிறது.

நியூஜெர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஐலீன் வைட். 2006இல் அவர் குழு கட்டிக்குள் எட்டிப் பார்த்தது. கட்டி வளரும்போது அதன் நடுப்பகுதிக்கு ரத்தக்குழாய் எட்டாது. ஆக்ஸிஜன் இல்லை, சத்து இல்லை. அங்கே இருக்கும் புற்றுநோய் செல்கள் எப்படி உயிரோடு இருக்கின்றன? ஆட்டோஃபேஜியால்தான். தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, ரத்தக்குழாய் வரும்வரை காத்திருக்கின்றன.

அதே கட்டுரையில் மறுபக்கமும் இருந்தது. செல் இயல்பாகச் சாகும் வழியையும் ஆட்டோஃபேஜியையும் சேர்த்து அடைத்தால், செல்கள் வெடித்துச் சாகும். அதனால் அழற்சி வரும். அழற்சி கட்டியை வளர்க்கும். ஒரே கட்டுரையில் இரண்டு முகம்.

2007இல் பென்சில்வேனியாவிலிருந்து அமராவதி என்பவர் தலைமையில் இன்னொன்று. (ஆம், ஊர் இல்லை, ஆளின் பெயர். ரவி அமராவதி.) எலிகளின் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை கொடுத்து, கூடவே குளோரோகுயின் கொடுத்து ஆட்டோஃபேஜியை அடைத்தால் சிகிச்சை நன்றாக வேலை செய்தது. அதாவது சிகிச்சையின் அடியிலிருந்து தப்பிக்கப் புற்றுநோய் செல் ஆட்டோஃபேஜியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

2011இல் மூன்று முக்கியமான வேலைகள். ராஸ் மரபணுவால் உந்தப்படும் புற்றுநோய்களுக்கு ஆட்டோஃபேஜி தேவை என்றார் வைட். கணையப் புற்றுநோய் செல்கள் நல்ல சாப்பாடு இருக்கும்போதே ஆட்டோஃபேஜியைப் பெரிய அளவில் ஓட்டிக்கொண்டிருக்கின்றன, அதை அடைத்தால் அவை தளர்கின்றன என்றார் அலெக் கிம்மெல்மன். மூன்றாவது ஜப்பானிலிருந்து, மிசுஷிமா குழு. எலியின் உடம்பில் அங்கங்கே ஆட்டோஃபேஜியை இல்லாமல் செய்தார்கள். கட்டி வந்தது. ஆனால் கல்லீரலில் மட்டும், அதுவும் சாதுவான கட்டி. புற்றாக மாறவில்லை.

அந்த மூன்றாவது கட்டுரையை அன்று ராத்திரி இரண்டு முறை படித்தேன். ஆட்டோஃபேஜி இல்லாவிட்டால் கட்டி தொடங்கும், ஆனால் அது இல்லாமல் கட்டியால் முன்னேறிப் போகவும் முடியாது. ஒரே செயல், கட்டி தொடங்கும் முன் காவல்காரன், தொடங்கிய பின் கட்டிக்கே சமையல்காரன்.

இரண்டு வருடம் கழித்து நுரையீரல் கட்டிகளிலும் வைட் அப்படியே பார்த்தார். கட்டி வந்த எலிகளில் ஆட்டோஃபேஜி மரபணு ஒன்றை எடுத்துவிட்டால், புற்று இருக்க வேண்டிய இடத்தில் பழுதான மைட்டோகாண்ட்ரியா நிரம்பி ஊதிய, சாதுவான கட்டிகள்.

தம்பி, உங்கள் அம்மாவுக்குக் கட்டி ஏற்கெனவே இருக்கிறது. மாமாவின் செய்தி தடுக்கும் கட்டத்துப் பாடத்தை எடுத்து, இருக்கும் கட்டிக்குச் சொல்கிறது.

பிப்ரவரி 18, காலை 6.50

"அப்படியானால் விரதம் கட்டியை வளர்க்குமா?" என்று ஒருவர் பதறிக் கேட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. விரதத்தால் இன்சுலின் குறையும், குளுக்கோஸ் மாறும், நோயெதிர்ப்பு செல்கள் மாறும். ஆட்டோஃபேஜி அதில் ஒன்று. அந்த ஒன்றை மட்டும் பிடித்து எந்தப் பக்கத்து முடிவுக்கும் தாவ வேண்டாம்.

பிப்ரவரி 24, இரவு 11.40

என் தவறைச் சொல்கிறேன் என்றேன்.

ஆட்டோஃபேஜியை அளக்க நாங்கள் பார்ப்பது எல்சி3 என்ற புரதம். யோஷிமோரி என்பவரின் குழு (ஓசுமி இல்லை, இவர் வேறு) 2000இல் அடையாளம் காட்டியது. ஆட்டோஃபேஜி நடக்கும்போது அது உருமாறி, பையின் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அந்த உருமாறிய புரதம் ஒரு பட்டையாக விழும். அது தடித்துத் தெரிந்தால் ஆட்டோஃபேஜி கூடியிருக்கிறது என்று எழுதிவிடுவோம்.

ஒரு மூலிகைச் சாற்றை எம்சிஎஃப்7 மேல் ஊற்றிப் பார்த்தேன். பட்டை அருமையாகத் தடித்தது. எட்டு மாதம் அதன்மேல் கட்டினேன். "இது ஆட்டோஃபேஜியைத் தூண்டிப் புற்றுநோய் செல்லைக் கொல்கிறது" என்று கருத்தரங்குக்குச் சுவரொட்டி தயார் செய்தேன். குழுக் கூட்டத்தில் என் வழிகாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பட்டை கூடியது சரி. உள்ளே வருவது கூடியதா, வெளியே போவது நின்றதா?"

எனக்கு வாயே எழவில்லை. தெருவில் குப்பை குவிந்திருந்தால், ஜனங்கள் நிறைய கொட்டினார்களா, வண்டி வரவில்லையா? குவியலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அடுத்த வாரமே செய்து பார்த்தோம். குளோரோகுயினோடும் இல்லாமலும் ஒப்பிட்டு, பி62 என்ற, செரிமானத்தில் கரைய வேண்டிய புரதத்தையும் பார்த்தோம். பி62 கரையவே இல்லை. என் சாறு வண்டியை நிறுத்தியிருந்தது. நான் எழுதியிருந்ததற்கு நேர் எதிர்.

ஓசுமி வேண்டுமென்றே செரிமானத்தை நிறுத்தி, குவிவதைப் பார்த்தார். தான் நிறுத்தியதை அவர் அறிந்திருந்தார். நான் தெரியாமல் நிறுத்திவிட்டு, குவிந்ததைப் பெருக்கம் என்று படித்தேன். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் எட்டு மாதம்.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. இதை எப்படி அளக்க வேண்டும் என்று கிளியான்ஸ்கி என்ற ஆட்டோஃபேஜி ஆய்வாளர் 2008இல் ஒரு வழிகாட்டிக் கட்டுரையை ஒருங்கிணைத்தார். அதன் நான்காம் பதிப்பு 2021இல் வந்தது, ஆசிரியர் பட்டியலே பக்கக்கணக்கில் நீளும். அத்தனை பேர் கூடி எழுத வேண்டிய அளவுக்கு இதில் வழுக்கல். "இந்தப் பழச்சாறு ஆட்டோஃபேஜியைத் தூண்டும்" என்று எங்காவது படித்தால், எப்படி அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

பிப்ரவரி 25, மாலை 5.00

குளோரோகுயின் என்றால் அந்த மலேரியா மாத்திரையா என்று கேட்கிறார்கள். அதேதான். 1934இல் ஜெர்மனியில் பேயர் ஆய்வகத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் செய்தது. அது லைசோசோமுக்குள் புகுந்து, அங்கே இருக்கும் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். அமிலம் இல்லாவிட்டால் செரிமான நொதிகள் வேலை செய்யாது. அதன் தங்கையான ஹைட்ராக்சிகுளோரோகுயினை என் அம்மா மூட்டுவாதத்துக்கு எடுத்துக்கொள்கிறாள். ஆய்வகத்தில் நான் செல்களுக்கு ஊற்றிய பொடியும் அம்மாவின் மாத்திரை டப்பாவும் ஏறக்குறைய ஒரே மூலக்கூறு என்று உணர்ந்த நாள் எனக்கு என்னவோ போல இருந்தது.

அம்மா எடுப்பது ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம். விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனைக்குப் போய் வருகிறாள்.

மார்ச் 2, இரவு 10.20

மரபியல் படிக்கும் ஒரு நண்பர் கீழே எழுதியிருப்பது சரியான அடி. பிப்ரவரி 10ஆம் தேதிக் குறிப்பில் பெக்ளின் 1 மார்பகப் புற்றுநோயில் அடிக்கடி தொலைகிறது என்று நம்பிக்கையோடு எழுதினேன். அதே 17ஆம் குரோமோசோமில், பக்கத்து வீட்டில், பிஆர்சிஏ1 இருக்கிறது. மார்பகப் புற்றுநோயின் பிரபலமான மரபணு. பகுதி அறுந்துபோனால் இரண்டும் சேர்ந்தே போகும். கட்டிக்கு லாபம் பிஆர்சிஏ1 போனதாலா, பெக்ளின் போனதாலா?

2014இல் வைட் குழுவே ஆயிரக்கணக்கான மனிதக் கட்டிகளின் மரபணுத் தரவைப் பார்த்து, பெக்ளின் மட்டும் தனியாகக் கெட்டுப்போனதற்குச் சான்றில்லை, பிஆர்சிஏ1 போகும்போது கூடப் போனதுதான் என்றது. லெவின் தரப்பு விடவில்லை. அடுத்த வருடமே, மரபணு இருக்கிறதா இல்லையா என்பதைவிட அது எவ்வளவு வெளிப்படுகிறது என்று பார்த்தால் பெக்ளின் குறைவு மோசமான மார்பகப் புற்றுநோயோடு தனியாகவே சேர்ந்து வருகிறது என்றார்கள்.

நான் எந்தப் பக்கம்? மனிதப் புற்றுநோயில் பெக்ளினை 'தடுப்பு மரபணு' என்று அடித்துச் சொல்ல இப்போது எனக்குத் தயக்கம். எலிகளில் கண்டது நிற்கிறது. 2018இல் லெவின் குழு, பிசிஎல்-2 பிடியிலிருந்து பெக்ளினை விடுவித்த எலிகள் அதிக நாள் வாழ்ந்ததையும், வயதானபோது வரும் கட்டிகள் குறைந்ததையும் காட்டியது. அது பிறந்தது முதலே ஆட்டோஃபேஜி கூடுதலாக ஓடிய எலி. கட்டி வந்த பிறகு தூண்டியது இல்லை. மறுபடியும் அதே காலக் கணக்கு.

லெவின் 2020 ஜூனில், 60 வயதில், மார்பகப் புற்றுநோயால் இறந்தார். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எதுவும் எழுத முடியவில்லை.

மார்ச் 9, இரவு 9.50

சரி, மனிதர்களில் என்ன நடந்தது? எல்லாரும் கேட்பது அதுதான்.

புற்றுநோய் மருத்துவத்தில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது ஆட்டோஃபேஜியைத் தூண்டுவது இல்லை, அடைப்பது. கையில் இருந்த மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின். மாமாவுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கணையப் புற்றுநோய் பரவிய 20 பேருக்கு அதை மட்டும் தனியாகக் கொடுத்த சோதனை 2014இல் வந்தது. இரண்டு மாத முடிவில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். 2019இல் 112 பேர் கொண்ட சோதனை. எல்லாருக்கும் வழக்கமான கீமோ, பாதிப் பேருக்குக் கூடவே இந்த மாத்திரை, ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம். என் அம்மா எடுப்பதைப் போல ஆறு மடங்கு. கட்டி சுருங்கியவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 38 சதவீதம், எடுக்காதவர்களில் 21 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறதா? ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முறையே 41, 49 சதவீதம். கட்டி சுருங்கியது, ஆயுள் நீளவில்லை.

அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆய்வகத்தில் நாங்கள் குடுவையில் ஊற்றும் செறிவு கட்டியின் நடுவுக்கு எட்டுகிறதா? குளோரோகுயின் ஆட்டோஃபேஜியை அடைப்பதோடு லைசோசோமின் வேறு வேலைகளையும் கெடுக்கும். மார்பகப் புற்றுநோய் செல்களில் அது கீமோவுக்கு உதவுவது ஆட்டோஃபேஜி வழியாகவே இல்லை என்று 2012லேயே ஒரு கட்டுரை வந்தது. அப்படியானால் சோதித்தது எதை?

மார்ச் 10, காலை 8.05

இன்னொரு சண்டையையும் சொல்ல மறந்தேன். 2013இல் கிளாஸ்கோவில் கெவின் ரயன் குழு: கணையப் புற்றுநோய் எலிகளில் பி53 என்ற காவல் மரபணு இருந்தால் ஆட்டோஃபேஜியை அடைப்பது கட்டி முற்றுவதைத் தடுக்கிறது. பி53 அறவே இல்லாவிட்டால் அடைப்பது கட்டியை வேகப்படுத்துகிறது. அடுத்த வருடம் கிம்மெல்மன் குழு: மனிதர்களில் நடப்பது போல பி53ஐ நடுவில் இழக்கும் எலிகளில் அப்படி வேகமாகவில்லை, அடைப்பது உதவவே செய்கிறது. எலியை எப்படிச் செய்தார்கள் என்பதே விடையை மாற்றிவிடுகிறது. பி53 பிறவியிலேயே இல்லாத எலி மனித நோய்க்கு அவ்வளவு பக்கத்தில் இல்லை என்பதால் எனக்குக் கிம்மெல்மன் பக்கம் சாய்வு. ஆனாலும் ரயனின் எச்சரிக்கையைத் தூக்கிப் போட மாட்டேன்.

மார்ச் 16, இரவு 10.45

விரதத்துக்கு வருகிறேன். இதை எழுதத் தயங்கினேன்.

மார்பகப் புற்றுநோயில் நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். நெதர்லாந்தில், 131 பெண்கள், 2020இல் வெளிவந்தது. முழுப் பட்டினி இல்லை, கீமோவை ஒட்டிச் சில நாள் மிகக் குறைந்த கலோரி உணவு, மருத்துவக் கண்காணிப்போடு. ஸ்கேனில் கட்டி சுருங்கியது உணவுக் கட்டுப்பாட்டுக் குழுவில் கொஞ்சம் அதிகம். ஆனால் அறுவைக்குப் பின் பார்த்தபோது கட்டி முழுக்க மறைந்தவர்களின் விகிதத்தில் வித்தியாசமில்லை. பக்கவிளைவும் குறையவில்லை. எல்லாச் சுற்றிலும் அந்த உணவைக் கடைப்பிடிக்க முடிந்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். கண்காணிப்பில் இருந்தவர்களுக்கே அப்படி.

என் பெரியம்மாவுக்கு 2017இல் இதே நோய். இதே செய்தி, அப்போது நோபல் பரிசு வந்த புதிது. ஆட்டோஃபேஜி படித்தவள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்டார்கள். "விரதம் நல்லதா?" நான் போனில், அவசரத்தில், "பொதுவாக நல்லதுதான் பெரியம்மா" என்றேன். எலியை நினைத்துக்கொண்டு சொன்னேன். அவர் கீமோவின் நடுவில் வாரம் மூன்று நாள் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டிருக்கிறார், யாரிடமும் சொல்லாமல். இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கினார். ரத்த எண்ணிக்கை ஏறாமல் அடுத்த சுற்று இரண்டு முறை தள்ளிப்போனது. ஏன் இப்படி மெலிகிறார் என்று தேடிய ஒரு நர்ஸ்தான் பேச்சுக்கொடுத்துக் கண்டுபிடித்தார். பெரியம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த "பொதுவாக" என்ற சொல்லை நான் மறக்கவில்லை. முதல் நாள் ராத்திரி மற்றதையெல்லாம் விட்டுவிட்டு "அம்மா சாப்பிடட்டும்" என்று உங்களுக்கு எழுதியது அதனால்தான்.

எலிக்கு 24 மணி நேரப் பட்டினி நமக்கு ஒரு நாள் விரதம் போல இல்லை. அதன் சின்ன உடம்பு சீக்கிரம் எரிந்துவிடும், அந்த ஒரு நாளிலேயே கணிசமாக எடை குறையும். மிசுஷிமா 2004இல் எல்சி3 ஒளிரும் எலிகளைப் பட்டினி போட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு உறுப்பும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டது; மூளையில் தூண்டலே தெரியவில்லை. "16 மணி நேரத்தில் ஆட்டோஃபேஜி" என்ற எண் ஓசுமியின் ஈஸ்ட்டிலிருந்து வந்தது இல்லை.

மார்ச் 17, காலை 9.30

ஆரோக்கியமானவர்கள் ஏகாதசி இருப்பதையோ நோன்பு வைப்பதையோ நான் குறை சொல்லவில்லை. என் வீட்டிலும் இருக்கிறார்கள். அதற்கு நோபல் பரிசின் சாட்சி தேவையில்லை.

மார்ச் 23, இரவு 8.40

இன்று கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். மாமா இந்த இழையை முழுக்கப் படித்தாராம். இப்போது அவர் கேள்வி: "அப்படியானால் அடைக்கிற மாத்திரையை அக்காவுக்குக் கொடுக்கலாமா? மருந்துக் கடையில் கிடைக்கிறதே."

வேண்டாம். மாமாவிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். சோதனைகளில் கொடுத்த அளவு மிகப் பெரியது, இதயத் துடிப்பின் தாளத்தை மாற்றக்கூடியது, கீமோ மருந்துகளோடு சேரும்போது இன்னும் கவனம் வேண்டும். ஆயுள் நீண்டதாக இதுவரை தெளிவான சான்று இல்லை. ஆய்வு நின்றுவிடவில்லை. 2020இல் கிம்மெல்மன் குழு, கணையப் புற்றுநோய் செல் தன் மேலிருக்கும் அடையாளப் புரதத்தை ஆட்டோஃபேஜியால் தின்று, நோயெதிர்ப்பு செல்களிடமிருந்து ஒளிந்துகொள்வதைக் காட்டியது. அடைத்தால் ஒளிந்தது வெளியே தெரியும், அப்போது நோயெதிர்ப்பு சிகிச்சை வேலை செய்யலாம். அவர்கள் அதைக் காட்டியது எலியில்தான். மருத்துவச் சோதனைக்கு வெளியே யாரும் இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

அக்காவுக்காக ஒன்றை விட்டால் இன்னொன்று என்று தேடுகிறார், அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். புரதம் எவ்வளவு, எந்த நேரம் என்று உணவு ஆலோசகர் எழுதிக் கொடுப்பார். அதைப் பார்த்துச் சமைக்கும் பொறுப்பை மாமா எடுத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 24, காலை 7.15

வாயில் உலோகச் சுவை அடிக்கிறது, எதுவும் இறங்கவில்லை என்று அம்மா சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். பெரியம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. பித்தளை, ஸ்டீல் கரண்டியை விட்டுவிட்டு மரக்கரண்டியில் கொடுத்தோம். சூடாக இல்லாமல் ஆறவைத்த இட்லி, வேகவைத்த முட்டை, பாசிப்பருப்புக் கஞ்சி. அது கொஞ்சம் இறங்கியது. வாய்ப்புண் இருந்தால் எலுமிச்சை வேண்டாம். நான்காவது சுற்றுக்கு முன் ரத்த எண்ணிக்கை வந்ததும் இங்கே எழுதுங்கள்.